கேன்டன் தேர்வுக் குழுவுக்கு: 68ஆம் எண்காரரைப் பற்றி

தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள அமெரிக்க ஃபுட்பால் புகழ் மண்டபத்துக்குள் யாருடைய வெண்கலச் சிலை போக வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். மிசிசிப்பியிலும் ஒரு கேன்டன் உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் 68ஆம் எண் சட்டை போட்டு ஆடிய எல்.சி. கிரீன்வுட் 1946இல் பிறந்தது அங்கேதான். அந்தக் கேன்டனில் பிறந்தவருக்கு இந்தக் கேன்டனில் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். 1969 டிராஃப்ட்டில் ஸ்டீலர்ஸ் அணி ஜோ கிரீனை நான்காவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்ட்டில், பத்தாவது சுற்றில், 238ஆவது ஆளாகக் கூப்பிடப்பட்டவர் கிரீன்வுட். ஆர்கன்ஸாவில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடியவர். 238 என்றால் கிட்டத்தட்ட ‘வந்து பார், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம்’ என்கிற இடம். அந்த வருஷம் ஸ்டீலர்ஸ் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து 13 தோற்றது. அப்புறம் இந்த இருவரோடு ட்வைட் வைட்டும் எர்னி ஹோம்ஸும் சேர்ந்து தடுப்பாட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். எதிரணி அந்த வரிசையைத் தாண்ட முடியாமல் திணறியது. ‘எஃகுத் திரை’ (Steel Curtain) என்று சொல்வது அவர்களைத்தான். கிரீன்வுட் 13 சீசன் ஆடினார், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை ஜெயித்தார், சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்கு ஆறு முறை தேர்வானார்.

அவரைப் பற்றிப் பேசும்போது எண்கள் போதவில்லை என்பார்கள். எந்த எண்? எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் பந்தை எறிவதற்குள் பிடித்துக் கீழே தள்ளுவதுதான் சாக். கிரீன்வுட்டைப் போலத் தடுப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்ஸிவ் எண்ட் ஒருவரை மதிப்பிட எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் அதை அதிகாரபூர்வமாகக் கணக்கெழுத ஆரம்பித்தது 1982இல். கிரீன்வுட் கடைசியாக ஆடியது 1981இல்! லீக் எழுதாமல் விட்ட கணக்குக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

எண்ணை விடுங்கள், ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1975 ஜனவரி 12, நியூ ஆர்லியன்ஸ், ஒன்பதாவது சூப்பர் பவுல். எதிரில் மின்னசோட்டா வைக்கிங்ஸ். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஃபிரான் டார்கென்டன் கையில் பிடிபடாத ஆள், இந்தப் பக்கம் போவதுபோல் காட்டி அந்தப் பக்கம் ஓடிவிடுவார். ஆனால் உயரம் ஆறடிதான். கிரீன்வுட் ஆறடி ஆறங்குலம். டார்கென்டன் கையை ஓங்கும் நேரத்தில் எதிரே அந்த நீண்ட கை மேலே எழும், பந்து கிளம்பிய இடத்திலேயே தட்டுப்பட்டு விழும். அன்று மூன்று முறை அப்படித் தட்டிவிட்டார். அதில் ஒன்றுகூட சாக் கணக்கில் வராது. டார்கென்டன் எறிந்த 26இல் 11தான் போய்ச் சேர்ந்தது, மூன்று ஸ்டீலர்ஸ் கையில் விழுந்தது. பந்தோடு ஓடி வைக்கிங்ஸ் எடுத்தது மொத்தமே 17 கெஜம். 16-6 என்று பிட்ஸ்பர்க் தன் முதல் சூப்பர் பவுலை ஜெயித்தது.

இன்னொரு பேச்சும் அடிபடுகிறது: அந்த அணியிலிருந்து ஏற்கெனவே நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று. உண்மைதான். தடுப்பாட்டத்தில் மட்டும் கிரீன், ஹாம், பிளவுன்ட், லாம்பர்ட், 2020இல் டானி ஷெல் என்று ஐந்து பேர். ஐந்து பேரும் தகுதியானவர்கள். அதற்காக ஆறாவது ஆளின் தகுதி குறைந்துவிடுமா? ஒரே வீட்டில் ஆறு பிள்ளைகள் நன்றாகப் படித்தால் ஐந்து பேருக்குத்தான் பரிசு என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்வதில்லை. உங்கள் குழுவே தேர்ந்தெடுத்த 1970களின் சிறந்த வீரர்கள் பட்டியலில் கிரீன்வுட் இருக்கிறார். அதே பட்டியலில் அவரோடு டிஃபென்ஸிவ் எண்ட் இடத்தில் இருந்த ஜாக் யங்பிளட் 2001இலும் கார்ல் எல்லர் 2004இலும் மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். எல்லர், மேலே சொன்ன அதே சூப்பர் பவுலில் தோற்ற அணிக்காக ஆடியவர்.

1991இலிருந்து 2006க்குள் ஆறு முறை இறுதிப் பட்டியல் வரை வந்தார் கிரீன்வுட். ஆறு முறையும் வீட்டில் காத்திருந்து இல்லை என்ற செய்தியைக் கேட்டிருக்கிறார். ஹோம்ஸும் வைட்டும் 2008இல் இறந்தார்கள். 2013 செப்டம்பர் 29 அன்று, சிறுநீரகம் செயலிழந்து, 67 வயதில் கிரீன்வுட்டும் பிட்ஸ்பர்க்கில் போய்விட்டார். மேடையேறி இரண்டு வார்த்தை பேசும் வாய்ப்பு அவருக்கு இனிக் கிடையாது. அது எனக்குத் தீராத வருத்தம். சிலைக்காவது இடம் கொடுக்கலாம்.

ஆடி முடித்து நெடுநாள் ஆனவர்களுக்கான மூத்தோர் பிரிவில் அவர் பெயர் உங்கள் மேசைக்கு வரும்போது, தயவுசெய்து காகிதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த 1975 ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பாருங்கள். சட்டையில் 68 என்ற எண் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விதிக்குப் புறம்பு என்று லீக் அபராதம் போட்டும் அவர் கழற்றாத தங்க நிற ஷூ இருக்கிறதே, அதைப் பின்தொடர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய ஸ்டீலர்ஸ் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு ரசிகன்