எழுத்து கோணலென்றால் ஐம்பது தரம் எழுதச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

"ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வா" என்ற தண்டனை கொழும்பு வகுப்பறைகளில் இன்னும் கேட்கிறது. கொப்பியில் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கினால் பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம். அப்படிப் பட்டம் வாங்குகிறவர்களில் சிலருக்கு இருப்பது அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு. டிஸ்பிராக்ஸியா என்றும் சொல்வார்கள். பாடசாலை வயதில் 100க்கு 5, 6 பேருக்கு இது இருப்பதாகக் கணிப்பு. 35 பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டு பேர்.

இது புத்திக் குறைவல்ல. மற்றப் பிள்ளையின் கை பழக்கத்தில் தானாக ஓடுகிறது. இந்தப் பிள்ளை ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக யோசித்து எழுதுகிறது. அதனால்தான் பத்தாவது வரி முதல் வரியைவிட மோசமாக இருக்கும். ஐம்பது தரம் எழுதினால் பிழையான அசைவுதான் ஐம்பது தரம் பழகும்.

முதலில் கதிரையைப் பாருங்கள். கால் தொங்கினால் உடம்பு ஆடும், கூடவே கையும் ஆடும். பழைய பத்திரிகைகளை இறுக்கிக் கட்டிப் பாதத்தின் கீழ் வையுங்கள் (உங்கள் பத்திரிகையும் உதவும்). மேசை முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தடித்த ஃபைல் ஒன்றை, தடித்த பக்கம் அப்பாலும் மெல்லிய பக்கம் பிள்ளையை நோக்கியும் இருக்கும்படி வைத்து, அதன்மேல் கொப்பியை வைத்தால் 15 பாகையளவு சரிவு கிடைக்கும். மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கும்.

அ, ஆ, இ என்று அரிச்சுவடி வரிசையில் தொடங்குவது நம் வழக்கம். கைக்கு அது தலைகீழ். ட-வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு. மேல்நோக்கி இன்னொன்று சேர்த்தால் ப. பிறகு ய, ம. சுழியுள்ள ல, வ அதற்குப் பின். இ, ஐ, ஞ கடைசியில் வரட்டும். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று; நடுவில் கை தடுமாறி ஒரு சுழி கூடினாலோ குறைந்தாலோ எழுத்துப்பிழையென்று சிவப்புக் கோடு விழுகிறது. வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள், "மூன்று சுழி ண" என்று சரியாகச் சொல்லும். அழுத்தி எழுதித் தாள் கிழிகிறதா? இரண்டு தாளுக்கிடையே கார்பன் தாளை வைத்து, அடித்தாளில் அச்சு விழாமல் எழுதும் விளையாட்டாக்குங்கள்.

சப்பாத்து லேஸ் கட்டுவதிலும் இதே சிரமம்தான். அதை வான் ஹோர்ன் அடிக்கும் காலையில் பழக்காதீர்கள், சனிக்கிழமை தொடங்குங்கள். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: முடிச்சு முழுவதையும் நீங்கள் போட்டு, இறுக்கும் கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது கைவந்தபின் அதற்கு முந்தின படி. இரண்டு நிற லேஸ் போட்டால் எது எதற்குக் கீழே போகிறதென்று கண்ணுக்குத் தெரியும். ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் பழக்குவதைவிட நாளுக்குப் பத்து நிமிடம் பழக்குவது நல்லது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றாடலிலும் கணிதத்திலும் கையெழுத்துக்காகப் புள்ளி குறைக்காதீர்கள். பலகையைப் பார்த்து எழுதும் வேலையில் பாதியை அச்சுத் தாளாகக் கொடுக்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டி ஒத்திகையில் அசைவு தப்பும் பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளாமல், பார்த்துச் செய்ய வசதியாக, சரியாகச் செய்யும் ஒருவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

5 வயதுக்கு முன் இந்தக் குறைபாடுதான் என்று பெயர் வைக்க அவசரம் வேண்டாம். ஆனால் முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால், ஒரு பக்கக் கை காலே பின்தங்கினால், தரையிலிருந்து எழும்பத் தொடையில் கை ஊன்றினால், அது வேறு விடயம். பயிற்சியை நம்பி இருக்காமல் உடனே சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகப் போனாலும் ஒரு முழுப்பக்கம் எழுதிய கொப்பியையும், லேஸ் கட்டும் ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். "எழுத்து சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து வைத்தியர் எதையும் தீர்மானிக்க முடியாது.

இப்படிக்கு,
தொழில்வழி சிகிச்சையாளர்களும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.