ஒரே விசாவில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அண்டை நாடுகளின் கூட்டுச் சுற்றுலாக் கொள்கை பற்றித் தங்கள் பயண மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் "ஒரே விசா எடுத்தால் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது மனதைவிட்டுப் போகவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. 2014-இல் வந்த அந்தக் கூட்டு விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும்தான். 100 டாலர், 90 நாள். தான்சானியா அதில் சேரவில்லை. செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவும் கிளிமஞ்சாரோ மலையும் அங்கேதான் இருக்கின்றன. தங்கள் வரியை நம்பிக் கிளம்பும் குடும்பம் எல்லையில் போய் நின்ற பிறகுதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பயணக் குழுக்களை அழைத்துப் போவது 16 வருடமாக என் பிழைப்பு. கென்யாவின் சுற்றுலா வேன் தான்சானியப் பூங்காக்களுக்குள் போகக் கூடாது. அதனால் நமங்கா எல்லையில் மூட்டை முடிச்சோடு இறங்கி, அந்தப் பக்கம் வேறு வேனில், வேறு டிரைவரோடு ஏற வேண்டும். ஒருமுறை, எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் அந்த அவசரத்தில் மாத்திரைப் பையை முதல் வேனின் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டார். தான்சானிய நகரமான அருஷாவுக்குப் பாதி வழி போன பிறகுதான் தெரிந்தது. கென்ய டிரைவரைப் போனில் பிடித்தோம். பாவம், நைரோபிக்குப் போய்க்கொண்டிருந்தவர் வண்டியைத் திருப்பி எல்லைக்கு வந்து, ஒரு சரக்கு லாரிக்காரர் கையில் பையைக் கொடுத்தனுப்பினார். அது வந்து சேர ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரை என்பதால் அந்த அம்மா அதுவரை தட்டைத் தொடவில்லை. சரக்கு ஏற்றிய லாரி தாண்டிய எல்லையை எங்கள் வேன் தாண்ட முடியவில்லை.

இது மட்டுமா? கென்யப் பக்கத்து மாசாய் மாரா பூங்காவும் தான்சானியப் பக்கத்து செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி. வில்டபீஸ்ட் என்ற மான் இன விலங்கின் மந்தைகள் வருடா வருடம் அங்கும் இங்கும் போய் வருகின்றன. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்திருந்த பழைய கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பு 1977-இல் உடைந்தபோது, தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. 1983-இல் எல்லை திறந்தாலும், இரண்டு பூங்காக்களுக்கும் நடுவே இருக்கும் வழி சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் திறக்கவில்லை. நான் கடைசியாகப் போனபோதும் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் போனோம். 2000-இல் அந்தச் சமூகம் மறுபடி உயிர்பெற்றது. சுற்றுலாவில் கூட்டாகச் செயல்பட வேண்டும் என்று அதன் ஒப்பந்தத்திலேயே 115-ஆவது பிரிவு சொல்கிறது. எழுதி வைத்து என்ன பயன்?

அப்புறம் கொரில்லா. காட்டில் கொரில்லாவைப் பார்க்க வாங்க வேண்டிய பெர்மிட்டின் கட்டணத்தை ருவாண்டா 2017-இல் 750 டாலரிலிருந்து 1,500 ஆக்கியது. பக்கத்து உகாண்டாவில் அதைவிட மிகவும் குறைவு. இரண்டுமே கூட்டு விசா நாடுகள்தான். விசாவைச் சேர்ந்து கொடுத்தார்கள், கட்டணத்தைச் சேர்ந்து பேசவில்லை. இதைப் பற்றி இரண்டு வருடம் முன்பே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை, இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் ஐந்து அமைச்சர்கள் பேசியிருக்கிறார்கள். எல்லையில் வண்டியோடு காத்துக் கிடக்கும் டிரைவர் ஒருவரிடமாவது தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். அந்த விசா எந்த மூன்று நாடுகளுக்குச் செல்லும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். தான்சானியாவுக்குத் தனி விசா வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்