பாதியில் நிற்கும் தமிழ்த் திரை: கணினிப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தின் நான்கு கணினிகளையும் தமிழுக்கு மாற்றித் தந்தீர்கள். வாசகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த மாற்றம் அது. அதற்கான எங்கள் நன்றி இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று குறைப் பதிவேட்டில் இரண்டு முறை எழுதியும், இரண்டு முறையும் 'பணி முடிந்தது' என்ற குறிப்போடு அதை மூடிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த நெசவாளர் ஒருவர் மாலைதோறும் நூலகத்துக்கு வருவார். நின்றுபோன ஓய்வூதியத்துக்கான மனுவைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழில் திரை தெரிவது ஊழியர் கணக்கில் மட்டும்தான் என்பதால், நூலகரின் அனுமதியோடு அதிலேயே ஒரு வாரம் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாலும், எங்கே சேமிப்பது, எப்படி மூடுவது என்பதையெல்லாம் தமிழ்ச் சொற்களைக் கொண்டே தெளிவாகக் கற்றுக்கொண்டார். பிறகு வாசகர் கணக்குக்கு மாறி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். மூடும்போது ஆங்கிலத்தில் ஒரு கேள்விப் பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே சொல் 'சேவ்'. அந்தச் சொல் இரண்டு பொத்தான்களில் இருந்தது. அவர் அழுத்தியது, சேமிக்க வேண்டாம் என்று சொல்லும் பொத்தான். மனு போய்விட்டது. அவர் யாரையும் கோபிக்கவில்லை, 'எனக்குத்தான் தெரியல தம்பி' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, ஐயா. அவருக்குத் தெரிந்த மொழியில் அந்தப் பெட்டி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விண்டோஸில் காட்சி மொழி, அதாவது மெனுக்களும் செய்திகளும் திரையில் தெரியும் மொழி, ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியானது. ஊழியர் கணக்கில் செய்த மாற்றம் அந்தக் கணக்கோடு நின்றுவிடும். உள்நுழைவுத் திரைக்கோ மற்றக் கணக்குகளுக்கோ தானாகப் போகாது. அதற்காகவே பிராந்திய அமைப்புகளின் 'நிர்வாகம்' என்ற பகுதியில், நடப்பு அமைப்புகளை நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அங்கே இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று உள்நுழைவுத் திரைக்கும், கணினி தன் பின்னணி வேலைகளுக்கு வைத்திருக்கும் உள் கணக்குகளுக்கும் உரியது, மற்றொன்று இனி உருவாக்கப்படும் பயனர் கணக்குகளுக்கு உரியது. இரண்டையும் குறியிட்டுக் கணினியை மறுபடி தொடங்கி, பழைய வாசகர் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினால், அதே நெசவாளருக்குத் திரை முழுவதும் தமிழில் பேசும். நிர்வாகி கடவுச்சொல் எங்கள் நூலகருக்குக் கொடுக்கப்படாததால் எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. கடவுச்சொல்லைப் பொதுவில் தரச் சொல்லவில்லை. அதை வைத்திருப்பவர் ஒருவர் வந்து அந்த வேலையை முடித்துத் தர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அதே இடத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு இருக்கின்றன. நூல் திருப்பும் தேதிச் சீட்டை அச்சிடும் நிரல் கணினியின் உள் கணக்கில் இயங்குகிறது. அந்தக் கணக்கு இன்னும் அமெரிக்க முறையிலேயே இருப்பதால், நவம்பர் 10 என்பது 11/10 என்று அச்சாகிறது; அதை அக்டோபர் 11 என்று படித்துப் பதறி, நூலைப் பாதியில் திருப்பித் தந்தவர்கள் உண்டு. இரண்டாவது, பழைய நூற்பட்டியல். அது ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய 'டாப்' என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் பழைய முறையில், தட்டச்சு செய்யப்பட்டது. அம்முறையில் ஆங்கில எழுத்துகள் முதல் 128 இடங்களிலும் தமிழ் எழுத்துகள் அதற்கு மேலும் இருக்கும். மொழி மாற்றத்தின்போது, ஒருங்குறி அல்லாத நிரல்களுக்கான பகுதியில் ஒருங்குறியின் ஒரு வடிவமான 'யூடிஎஃப்-8'-ஐப் பயன்படுத்தச் சொல்லும் சோதனை வசதியையும் சேர்த்துக் குறியிட்டுவிட்டீர்கள். பழைய நிரல் அதைப் புரிந்துகொள்ளாததால், அன்றிலிருந்து நூற்பெயர்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே தெரிகின்றன. அந்தக் குறியை எடுத்தால் பட்டியல் திரும்பி வரும். பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றித் தருவதே நிலையான தீர்வு என்றாலும், அதுவரை வாசகர்கள் எதைத் தேடுவார்கள்?

இதை எழுதும்போது வேறொன்றும் மனத்தை அழுத்துகிறது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ் விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்த மாநிலம் இது. 2010இல் ஒருங்குறியை அரசே தரமாக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு கிளை நூலகத்தில் தமிழ் ஒரு கணக்கோடு நின்றுவிடுகிறதென்றால், தடை எழுத்துருவிலோ தொழில்நுட்பத்திலோ இல்லை. வேலையை ஒப்படைப்பவர், அதைப் பயன்படுத்தப்போகும் மனிதரின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதில்லை. உங்களில் ஒருவர் அன்று வாசகர் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால், ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்; ஒரு முதியவர் இரண்டு மணி நேரம் எழுதியது அழிந்ததை அருகில் இருந்து பார்த்தவன் நான்.

சில மெனுக்கள் இன்னும் ஆங்கிலத்தில் இருப்பதையும், நீண்ட தமிழ்ச் சொற்கள் பொத்தான்களுக்குள் அடங்காமல் வெட்டுப்படுவதையும் உங்கள் குறையாகச் சொல்லவில்லை. முழுதும் மொழிபெயர்க்கப்படாத இடங்கள் உண்டு என்பதை அறிவோம், அவற்றோடு பழகிக்கொள்கிறோம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம்: நான்கு கணினிகளிலும் 'நிர்வாகம்' பகுதியைத் திறந்து அமைப்புகளை நகலெடுத்து, வாசகர் கணக்கைப் புதிதாக உருவாக்கி, பழைய பட்டியல் தெரியும்படி செய்து தாருங்கள்.

எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று நீங்கள் வந்தால் வாசகர்களுக்கு இடையூறு இருக்காது; கதவைத் திறந்து வைப்பதாக நூலகர் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்ததும் ஊழியர் கணக்கை மூடிவிட்டு, வாசகர் கணக்கில் ஒருமுறை நுழைந்து, நான்கு வரி எழுதி, மூடிப் பாருங்கள். வரும் கேள்விப் பெட்டி தமிழில் இருந்தால் பதிவேட்டில் 'பணி முடிந்தது' என்று எழுதுங்கள். மறுநாள் சனிக்கிழமை அந்த நெசவாளரை நானே அழைத்து வந்து, மனுவை மறுபடி எழுத உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் ஒருவர்