ஹீட்டர்-கூலரை வெளியே வை

அன்புள்ள முத்து,

கடிதம் வந்தது. இதய அறுவைக்கென்று புது தியேட்டர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றதும் சந்தோஷம். அறுவையின்போது நோயாளியின் ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் தண்ணீரை ஓட்டுகிற ஹீட்டர்-கூலர் மெஷினின் ஃபேனை நோயாளிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தால் போதாதா, எதற்காக அறைக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். போதாது. காரணத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உன் நிர்வாகத்தோடு வாதாட உதவும்.

அந்த மெஷினிலிருந்து நோயாளிக்குத் தொற்றுகிற கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் கைமேரா. 2004-ல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த ஒரு கிரேக்க மிருகத்தின் பெயர் அது, நம் கோயில் தூண் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் கிடக்கும். தெம்பான உடம்பை ஒன்றும் செய்யாது. சூரிச்சில் இதய அறுவை செய்துகொண்ட இரண்டு பேருக்கு இது வந்ததாக 2013-ல் எழுதினார்கள். 2015-ல் அந்த எண்ணிக்கை ஆறு. எல்லோருக்கும் வால்வு போல ஏதாவது ஒரு செயற்கைப் பொருள் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. அறுவைக்குப் பிறகு நோய் தலைகாட்ட ஒன்றரை வருடத்திலிருந்து 3.6 வருடம் வரை ஆகியிருந்தது. அவ்வளவு நாள் கழித்து யார் தியேட்டரைச் சந்தேகிப்பார்கள்?

ஹீட்டர்-கூலர் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை என்பது உனக்குத் தெரியும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றுகிற ஆக்ஸிஜனேட்டரின் வெப்பமாற்றிக்கும், நோயாளிக்கு அடியில் விரிக்கும் போர்வைக்கும் போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். தொட்டி இறுக்கமாக மூடியதல்ல என்பதில்தான் கோளாறு. உள்ளே தண்ணீர் கலங்கிக் குமிழி எழும்புகிறது. இந்தக் கிருமியின் மேல்தோல் மெழுகுபோல இருப்பதால் தண்ணீரோடு ஒட்டாமல் குமிழியின் விளிம்பில் போய்ச் சேரும். குமிழி உடையும்போது தெறிக்கிற நுண்துளியில் தொட்டித் தண்ணீரில் இருப்பதைவிட அடர்த்தியாகக் கிருமி இருக்கும். கம்ப்ரஸரைக் குளிர்விக்கிற ஃபேன் அந்தத் துளியை வாங்கி அறைக்குள் ஊதிவிடுகிறது.

வடிகட்டிய சுத்தக் காற்றை ஒரே சீராக இறக்குகிற லாமினார் ஃப்ளோ இருக்கிறதே என்பாய். 2016-ல் வெளியான சோதனையில், அப்படிப்பட்ட தியேட்டரிலேயே மெஷின் பக்கமிருந்து புகை விட்டுப் பார்த்தார்கள். 23 வினாடியில் சுத்தக் காற்றோடு கலந்து அறுவை நடக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. மெஷின் நிறுத்தியிருந்தபோது அங்கே நிமிடத்துக்குச் சராசரி 5.2 துகள். ஓடவிட்டு ஃபேனை மேஜைப் பக்கம் திருப்பினால் 139. எதிர்ப்பக்கம் திருப்பினால் 14.8. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கடைசி எண்தான்: பெரிதும் குறைகிறது, ஆனாலும் நிறுத்திவைத்ததைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஊர்களில் ஏறக்குறைய ஒரே மரபணுவோடு கிருமி கிடைத்ததுதான் பெரிய அதிர்ச்சி. ஜெர்மனியில் மெஷின் தயாரித்த ஆலையிலேயே 2014 ஆகஸ்டில் எடுத்த மாதிரிகளில் அது இருந்தது. கிருமி மெஷினோடு பார்சலாகவே வந்திருக்கிறது. ஆகவே புது மெஷின், சீல் உடைக்காதது என்ற பேச்சை நம்பாதே.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தப்பு சுலபமாக நடக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவார்கள். அதுவும் அயனி நீக்கிய தண்ணீரும் உள்ளே இருக்கிற உலோகத்தை அரிக்கும். குழாய்த் தண்ணீரும் கூடாது. கிருமி நீக்கிய ஸ்டெரைல் தண்ணீர், அல்லது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்தது. ஐஸ் போடுவதாக இருந்தால் அதையும் இதே தண்ணீரில்தான் உறையவைக்க வேண்டும், கேன்டீன் ஃப்ரீசரைத் தேடி ஓடக் கூடாது. மருந்து போட்டுச் சுத்தம் செய்வதை மெஷினின் கையேட்டில் சொன்ன அளவிலும் இடைவெளியிலும் செய்யுங்கள். ஆனால் டியூபுக்குள் வழவழவென்று பயோஃபிலிம், அதாவது கிருமிப் படலம், பிடித்துவிட்டால் மருந்து அடிவரை போகாது. நிறம் மாறிய டியூபைக் கழுவிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். தண்ணீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை நெகட்டிவ் என்று நிம்மதி அடையாதே. வளர வாரக்கணக்காகும், இருந்தும் இல்லை என்று காட்டுவது சகஜம்.

நோயாளி பக்கம் வருகிறேன். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வேர்வை, எடை குறைவு, களைப்பு. சாதாரண பிளட் கல்ச்சரை ஐந்து நாளில் மூடிவிடுவார்கள், இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருக்க வேண்டும். பயாப்ஸியில் கிரானுலோமா, அதாவது அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு, தெரியும். ஐரோப்பாவில் அதை, இதே முடிச்சுகள் வரும் ஆனால் தொற்றில்லாத சார்காய்டோசிஸ் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நம்மிடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிபி என்போம். டிபி மருந்துகளான ரிஃபாம்பிசினும் எத்தாம்புட்டாலும் இதன்மேலும் ஓரளவு வேலை செய்வதால் கொஞ்சம் தேறியதுபோல் ஏமாற்றவும் செய்யும். வால்வு மாற்றியவருக்கு டிபி மருந்து சரியாகப் பிடிக்கவில்லை, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் நெகட்டிவ் என்றால் இந்தப் பெயரை நினைத்துக்கொள். கண் டாக்டரிடம் அனுப்பி விழித்திரைக்குப் பின்னால் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அறுவைக் குறிப்பில் மெஷினின் சீரியல் நம்பரை எழுதிவைக்கும் பழக்கத்தை இப்போதே ஆரம்பித்துவிடு. மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

வெளியே வைத்தால் டியூப் நீளும், வெப்பநிலை மாறக் கூடுதல் நேரம் எடுக்கும், ஸ்விட்சும் கைக்கு எட்டாது. இதய-நுரையீரல் மெஷினை ஓட்டுகிற உங்கள் பெர்ஃபியூஷனிஸ்ட் முணுமுணுப்பார். ரிமோட் பேனல் கேட்டு வாங்கிக்கொடு. டியூப் போகிற துளையைச் சுற்றி இறுக்கமாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தியேட்டரின் காற்றழுத்தம் கெடும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்தத் துளையைப் போடச் சொல்லிவிடு, பிறகு உடைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

அன்புடன்,
சேகர்