பூஜ்யமும் ஐந்தும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்க விண்ணப்பத்தோடு வைக்கிற எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க வருகிறேன் என்று சொல்லும் கட்டுரை) என்று நீ அனுப்பியதை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை அம்மாவாகப் படித்தேன், கண் கலங்கியது. இரண்டாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், கோபம் வந்தது. மூன்றாம் தடவை பேனாவோடு உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்யும் ஆவல் எனக்குள் இருந்தது" என்று தொடங்கியிருக்கிறாய். சிறு வயதில் உனக்கு இருந்த ஆவல் பஸ் கண்டக்டர் ஆவது. என் பழைய பதிவேடு ஒன்றை டிக்கெட்டாகக் கிழித்தே தீர்த்தவள் நீ. அந்த வரியை அடித்துவிடு.

அடுத்து ஜான் ஸ்நோ வருகிறார். காலரா பரவுவது குடிதண்ணீரில் என்று கண்டுபிடித்துச் சொன்ன டாக்டர். 1854, லண்டன், பிராட் தெரு, காலரா, தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது. இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கைப்பிடியைக் கழற்றியிருப்பார்கள்! படிக்கிற பேராசிரியருக்குக் கை வலித்திருக்கும். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. அங்கே வேலை செய்த ஆட்களுக்குக் காலரா கடுமையாக வரவேயில்லை. எங்கேயோ தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை அம்மாள் காலராவில் செத்துப்போனார். விசாரித்தால், ஆலை ஆட்கள் குடித்தது பீர். தண்ணீர் வேண்டுமென்றால் ஆலைக்குள்ளேயே கிணறு இருந்தது. அந்த அம்மாளோ பிராட் தெருத் தண்ணீரின் ருசிக்காக அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். கணக்கு இடறுகிற இடத்தில் நின்று ஏன் என்று கேட்டாரே, அதுதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருக்கலாம் என்பதையும் அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீயும் அப்படி ஓரிடத்தில் இடறி நின்றவள்தான். அதை எங்கே எழுதியிருக்கிறாய் தெரியுமா? நாலாவது பத்தியில், ஒரே வரியில்: "தரவு மேலாண்மையில் இரண்டு ஆண்டு அனுபவம்."

போன வருடம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? குழந்தைகளின் எடைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாய். "அம்மா, பாதிக்கு மேல் குழந்தைகளுக்கு எடை பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகிறது" என்றாய். 7.0, 7.5, 8.0, 8.5. தராசு நூறு நூறு கிராமாகப் பிரித்துக் காட்டுகிறது. அப்படியென்றால் கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஏறக்குறைய சமமாகத்தான் விழ வேண்டும். பூஜ்யமும் ஐந்தும் சேர்ந்தால் பத்தில் இரண்டு பங்கு. உன் கையில் இருந்த பதிவேட்டில் பாதிக்கு மேல். முதலில் உன் புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தாய். பிறகு தராசைச் சந்தேகப்பட்டாய். கடைசியில் ஒரு நாள் முழுக்க எடை போடும் இடத்தில் போய் நின்றாய். குழந்தை கால் உதைத்து அழுகிறது, முள் ஆடுகிறது, வரிசையில் இன்னும் முப்பது தாய்மார்கள். எடை போடுகிறவர் ஆடுகிற முள்ளைப் பார்த்து அருகில் இருக்கிற முழு கிலோவையோ அரை கிலோவையோ சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று நீயே சொன்னாய். ஆனால் 7.3 என்று எழுத வேண்டிய குழந்தை 7.5 ஆகிவிட்டால், எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்தது மேலே ஏறிவிடும். கூடுதல் சத்துணவு கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்காது.

இதற்கு இலக்க விருப்பம் என்று பெயர் இருக்கிறதாம், அப்பா தேடிப் படித்துச் சொன்னார். ரத்த அழுத்தம் எழுதும்போதும் பூஜ்யத்தில் முடிப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து என்று குவியும். வயதுக் குவியலை அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று இருக்கிறதாம். எனக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாற்றலாகிப் போன ஓரிடத்தில் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலை அட்டையைப் பார்த்தேன். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை எழுத வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த அட்டையில் மாதம் முழுக்க நாலு. காலையும் நாலு, மாலையும் நாலு, ஒரே பேனா, ஒரே சாய்வு. கதவைத் திறந்தால் அடித்தட்டில் பனிக்கட்டி. முத்தடுப்பு ஊசி மருந்து ஒரு தடவை உறைந்தால் போயிற்று, உருக்கினாலும் பயன் இல்லை. குப்பியைக் குலுக்கிப் பார்த்தால் செதில் செதிலாக அடியில் படியும். நான் மேலதிகாரிகளிடம் சொன்னேன். "அட்டை சரியாகத்தானே இருக்கிறது" என்றார்கள். இரண்டு மாதம் நானும் நாலு என்றே எழுதினேன், பாப்பா. அப்புறம்தான் தைரியம் வந்தது. அந்த இரண்டு மாதத்து அட்டைகள் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் இன்னும் இருக்கும்.

அதனால்தான் உன் எடைப் பதிவேட்டை நாலாவது பத்தியில் ஒளித்துவைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதை முதல் வரிக்குக் கொண்டுவா. எடை போடும் இடத்தில் நீ நின்ற அந்த நாளை எழுது. உன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டாய் என்பதையும் விடாதே. அதற்கப்புறம் இன்னும் எது தெரியவில்லையோ, அதைக் கேள்வியாக எழுது. உனக்கு என்ன தெரியும் என்பது இடம் கொடுக்கிறவர்களுக்கு உன் மதிப்பெண் சான்றிதழிலேயே தெரிந்துவிடும். கேள்வி மட்டும் அதில் இருக்காது.

எந்தப் படிப்பு என்பதிலும் குழப்பிக்கொண்டிருக்கிறாய். எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) தொழில்முறைப் படிப்பு, அமெரிக்காவில் சி.இ.பி.எச். என்ற தர அமைப்பின் அங்கீகாரம் பெற்றதென்றால் குறைந்தது 42 கிரெடிட், கூடவே களப்பணி. எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் ஆராய்ச்சிப் பக்கம். நிர்வாகத்தில் தலைமை ஏற்கப் போகிறவர்களுக்கு டி.ஆர்.பி.எச். என்ற முனைவர் பட்டம். உன் கேள்வி அளவீட்டில் இருக்கிற பிழையைப் பற்றியது. அதற்கு நோய்ப்பரவலியலும் புள்ளியியலும்தான் வேண்டும். சுகாதாரக் கொள்கைப் பிரிவுக்கு ஏன் போட்டாய்? தோழி போட்டாள் என்றா?

இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்ற பத்திகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராப்பிகல் மெடிசினுக்கு "1899-ல் தொடங்கப்பட்ட உலகப் புகழ்பெற்ற". அமெரிக்காவில் இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு "1916-ல் தொடங்கப்பட்ட உலகப் புகழ்பெற்ற". ஊரும் வருடமும்தான் மாறியிருக்கிறது. ஹாப்கின்ஸ் பத்தியின் கடைசி வரியில் "லண்டனில் பயிலும் வாய்ப்பு" என்று அப்படியே நிற்கிறது! எப்போது தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியும். உன் கேள்வியோடு உட்கார்ந்து பேசக்கூடியவர் அங்கே யார், எந்தப் பாடம் உனக்கு வேண்டும், அதை எழுது. அப்படி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பள்ளிக்குப் போடவே வேண்டாம். எட்டு இடத்துக்கு அரைகுறையாகப் போடுவதைவிட நாலு இடத்துக்கு ஒழுங்காகப் போடலாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு அந்தப் பெரிய இயக்குநரைப் பிடித்ததாகப் பெருமையாகச் சொன்னாய். அவர் உன்னை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்? உன் களப்பணி மேற்பார்வையாளர் உன்னோடு வெயிலில் நின்றவர். அவரிடம் கேள். ஆறு வாரம் முன்னாலேயே கேள், பதிவேட்டு விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு.

மற்றதெல்லாம் காகித வேலை. அமெரிக்கப் பள்ளிகளில் பலவற்றுக்கும் சோபாஸ் என்ற பொது விண்ணப்பம். வெளிநாட்டு மதிப்பெண்ணை அதற்கென இருக்கிற அமைப்பு மதிப்பிட்டு அனுப்ப வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், இப்போதே தொடங்கு. ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வைப் பல பள்ளிகள் கைவிட்டுவிட்டன. நீ போடுகிற துறைப் பக்கத்தில் பார்த்துக்கொள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், உன்னுடையது எப்போது எழுதியது?

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் அவர்களே செலவைப் பார்த்துக்கொள்வார்கள். எம்.பி.எச்.க்கு அப்படி இல்லை, கைக்காசோ கடனோதான். பிரிட்டனுக்கு என்றால் அந்த அரசாங்கமே கொடுக்கிற செவனிங் உதவித்தொகை இருக்கிறது. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். (எனக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இதை நீ படிக்காததுபோல் விட்டுவிடு.) இடம் கிடைத்துப் பணம் கிடைக்காவிட்டால், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேள். கடனைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்காதே, பயப்படாமலும் முடிவெடுக்காதே.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். போன மாதம் முள் தராசை மாற்றி டிஜிட்டல் தராசு வந்துவிட்டது என்று சொன்னாயே. அதற்கப்புறம் எழுதிய எடைகளை எண்ணிப் பார்த்தாயா? பூஜ்யமும் ஐந்தும் இன்னும் குவிகிறதா? திரையில் 7.3 என்று பளிச்சென்று தெரிந்த பிறகும் கை 7.5 என்று எழுதுகிறதா? அடுத்த வரைவை அனுப்பும்போது அதையும் எழுது. ராத்திரி எல்லாம் அதே நினைப்பாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா