இணைய இணைப்பு: குடியிருப்பு உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கடந்த புதன்கிழமை இரவு முதல் பி பிளாக்கில் இணையம் இல்லை; மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க, தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளைகள் மொட்டை மாடியில் சிக்னல் தேடி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஐந்து முறை அழைத்தும் "நாளைக்கு ஆள் வருவார்" என்ற பதிலே கிடைத்தது.

வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், கட்டுநர் ஒரே சேவையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி, மாடிப்படி ஓரத்துக் குழாயில் மற்றவர்கள் கேபிள் இழுக்க அனுமதி மறுக்கிறார்கள். இத்தகைய பிரத்யேக ஒப்பந்தங்கள் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகிவிடாது என்றாலும், கட்டுநரிடம் பேச அது நமக்கு நல்ல ஆதாரம்.

புகார் எண்ணைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அது இருந்தால்தான் இணைய சேவை நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல முடியும்; 39 நாள்களுக்குள் அங்கே முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராயின் 2012ஆம் ஆண்டு விதி.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறைக்கு வந்து, ஒப்பந்த நகலைக் கேட்டுக் கட்டுநருக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தில் வீட்டுக்கு ஒருவர் தவறாமல் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.