திருமஞ்சன நீர்த்தொட்டி: திருப்பணி நிறைவு அறிக்கை

நந்தவனத்தை ஒட்டி 60,000 லிட்டர் கொள்ளளவில் எழுப்பப்பட்ட திருமஞ்சன நீர்த்தொட்டி, நீர்ச்சோதனையில் தேறிப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதை உறுப்பினர்களுக்கு மகிழ்வுடன் தெரிவிக்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே அனுப்பப்படும். நன்கொடையில் கணிசமான பகுதி இனி எவர் கண்ணிலும் படாத அடித்தளத்துக்குச் செலவாகியிருப்பதால், அதன் வடிவமைப்பை விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தொட்டியின் உள்ளளவு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம். இதில் 1 மீட்டர் ஆழம் மட்டுமே தரைமட்டத்துக்குக் கீழே உள்ளது. தொட்டி நிறைந்திருக்கையில் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் அழுத்தும் 2.5 டன் நீரை இறுதியில் சுமப்பது அடியிலுள்ள மண்தான். ஆகவே தளத்தின் முதன்மையான வேலை, வெடிப்பு விட்டு நீரைக் கசியவிடாமல் இருப்பதே. நீர்த்தொட்டிகளுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 3370 வெடிப்பின் அகலத்தை 0.2 மில்லிமீட்டருக்குள் அடக்கச் சொல்கிறது. எம்30 தரக் கான்கிரீட் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் வலிமையுடையது), 0.45-க்கு மிகாத நீர்-சிமென்ட் எடை விகிதம், கம்பியை மூடி நிற்கும் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கனம் (கவர்) ஆகியவற்றை அதன்படியே கடைப்பிடித்தோம்.

தளத்தின் கனம் 250 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு வலைகளில், 10 மில்லிமீட்டர் கம்பிகளை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டினோம். கம்பி இவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டுமா என்று பணியைப் பார்வையிட்ட அன்பர்கள் பலர் கேட்டார்கள். அதே எடையுள்ள இரும்பைத் தடித்த கம்பிகளாகத் தள்ளித்தள்ளி வைத்தால் வெடிப்புகள் குறைவாகவும் அகலமாகவும் விழும். மெல்லிய கம்பிகளை நெருக்கி வைத்தால் வெடிப்புகள் மயிரிழைகளாகப் பிரிந்துவிடும், அத்தகைய இழைகள் நீர்பட்டுச் சுண்ணப் படிவால் நாளடைவில் தாமே அடைபடுவதும் உண்டு. கான்கிரீட் சுருங்கும்போது தரையோடு ஒட்டி இழுபட்டு வெடிக்காதிருக்க, 75 மில்லிமீட்டர் கனமுள்ள, கம்பியில்லாத கான்கிரீட் படுகையின் (பி.சி.சி.) மேல் பாலிதீன் தாள் விரித்த பிறகே கம்பி கட்டினோம். தளத்தையும் சுவரின் முதல் 150 மில்லிமீட்டரையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வார்ப்பாக முடித்து, அதற்கு மேல் வரும் இணைப்பில் நீர்க்கசிவைத் தடுக்கும் பி.வி.சி. பட்டையை (வாட்டர் ஸ்டாப்) பதித்தோம். குழாய்கள் அனைத்தும் சுவர் வழியாகவே செல்கின்றன. தளத்தில் ஒரு துளைகூட இல்லை.

எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது காலித் தொட்டிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை உயர்ந்தால், 1.25 மீட்டர் உயர நீரின் அழுத்தம் தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். தளத்தின் சொந்த எடை அதில் ஏறக்குறைய பாதியை மட்டுமே ஈடுசெய்யும். எஞ்சிய விசையால் நடுத்தளம் மேல்நோக்கி வளைய முற்படும்போது அதன் இழுவையை ஏற்பது மேல்வலைக் கம்பி. தொட்டி மிதக்காமல் காப்பது சுவர், மூடுதளம் ஆகியவற்றின் எடை. தொட்டியை முழுவதும் புதைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனையை ஏற்காததற்கு இதுவே காரணம்.

மெதுவாக இறுகும் கலப்பு சிமென்ட் என்பதால், கான்கிரீட் காயாமலிருக்கத் தளத்தின் மேல் 14 நாள் பாத்தி கட்டி நீர் தேக்கினோம். பின்னர் தொட்டியை நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்சி அடங்க ஏழு நாள் விட்டு, அடுத்த ஏழு நாள் நாள்தோறும் நீர்மட்டத்தை அளந்தோம். குறியீடு ஏற்கும் அளவுக்குள்ளேயே இறக்கம் இருந்தது.

திருக்குளத்தின் அடியையும் இவ்வாறே கான்கிரீட் செய்யலாம் என்று சிலர் அன்புடன் எழுதியிருந்தார்கள். குளம் மண்ணுக்குள் நீரை இறக்கிச் சுற்றுக் கிணறுகளை ஊறவைக்க வேண்டியது; அதன் அடியை அடைப்பதற்குக் குழு உடன்படவில்லை.

தொட்டியைக் கழுவும் பணி ஆண்டுதோறும் பங்குனியில் நடைபெறும். மழைக்காலத்தில் குறைந்தது 1 மீட்டர் நீரை உள்ளே நிறுத்தி வைக்குமாறு மடைப்பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தியுள்ளோம்.

— திருப்பணிக் குழு